ஊர்க் கல்வெட்டை வகுப்பறைக்குக் கொண்டுவருவது எப்படி

அரசர் பெயர், போர் நடந்த இடம், கட்டிய கோயில் என எல்லாவற்றையும் முடிந்த முடிவாகவே சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வேலை இல்லை. அந்த முடிவு எதிலிருந்து வந்ததோ அந்தச் சான்றைக் கையில் கொடுங்கள், எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடக் கேள்வி கேட்கும். காவிரிப் படுகையிலும் தொண்டை மண்டலத்திலும் கல்வெட்டுள்ள கோயிலைத் தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை. கீழே உள்ள திட்டம் எட்டு முதல் பத்து வரையிலான வகுப்புகளுக்கானது. நாற்பது மாணவர், 40 நிமிடப் பாடவேளை நான்கு, ஒரு காலை நேரப் பயணம் என்ற கணக்கில் அமைத்தது.

எந்தக் கல்வெட்டு?

அச்சில் ஐந்திலிருந்து பதினைந்து வரி வரை வரும் கல்வெட்டாகத் தேடுங்கள். 'திருமகள் போல' என்று தொடங்கும் இராசராசன் மெய்க்கீர்த்தி (அரசனின் வெற்றிகளைப் புகழும் முன்னுரை) அழகானதுதான்; ஆனால் முதல் வகுப்புக்கு ஆகாது. வெற்றிப் பட்டியலிலேயே பாடவேளை கரைந்துவிடும், கொடை என்ன என்பதற்குள் மணி அடித்துவிடும். இடையர், வணிகர், ஊரார், அரண்மனைப் பணிப்பெண் என யாரோ ஒருவர் விளக்குக்கோ நிலத்துக்கோ ஏற்பாடு செய்யும் சிறு கல்வெட்டே தோதானது.

மத்தியத் தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளிலும், தமிழ்நாடு தொல்லியல் துறை மாவட்ட வாரியாக வெளியிட்ட தொகுதிகளிலும் மூல வாசகம் கிடைக்கும். பின்னவற்றில் பல தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே உள்ளன. ஒவ்வொரு கல்வெட்டுக்கும் மேலே இருப்பிடம் குறித்திருப்பார்கள்: 'கருவறை வடபுற அதிட்டானம், ஜகதி' என்பதுபோல. அதிட்டானம் என்பது சுவருக்குக் கீழுள்ள தாங்குதளம். அதில் ஜகதி அடியில் உள்ள அகலமான பட்டை, குமுதம் அதற்கு மேல் உருண்டோ பட்டை பட்டையாகவோ துருத்தி நிற்பது. இந்த இரண்டையும் நீங்கள் அடையாளம் கண்டுகொண்டால் பாதித் தேடல் முடிந்தது.

பிள்ளைகளை அழைத்துப் போகுமுன் தனியாக ஒருமுறை போய்ப் பார்த்தே ஆக வேண்டும். தொகுதியில் இருப்பது சுவரில் இருக்கும் என்று நம்ப முடியாது. திருப்பணியில் கற்களைப் பிரித்து மாற்றி அடுக்கியிருப்பார்கள், மூன்றாம் வரி எங்கோ கிழக்குப் பக்கம் தலைகீழாகக் கிடக்கும். சுண்ணாம்புப் பூச்சு ஏறியிருக்கும், புதிதாகப் போட்ட தளம் கடைசி இரண்டு வரிகளை விழுங்கியிருக்கும். மணல் வீச்சு முறையில் 'சுத்தம்' செய்த சுவர் என்றால் எழுத்து மழுங்கி, தடவினால்கூடத் தெரியாது. அப்படி இருந்தால் வேறு கல்வெட்டுக்கு மாறிவிடுங்கள்.

முதல் பாடவேளை: படிப்பது

வாசகத்தைக் கல்லில் உள்ள வரி அமைப்பு மாறாமல் 16 புள்ளி எழுத்தில் அச்சிட்டு, வரி எண் போட்டு, வலப்பக்கம் பாதித் தாளைக் காலியாக விடுங்கள். இருவருக்கு ஒரு படி போதும். ஆளுக்கொன்று கொடுத்தால் பேச்சு நின்றுவிடும். அருஞ்சொல் பட்டியலில் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம். யாண்டு (ஆட்சியாண்டு), நந்தா விளக்கு (அணையா விளக்கு), உழக்கு, நாழி (முகத்தலளவைகள்), இறையிலி (வரி நீங்கிய நிலம்), தேவதானம் (கோயிலுக்கு விட்ட நிலம்), சபை (பிராமணர் ஊர் அவை), கழஞ்சு (பொன் எடை), சந்திராதித்தவல் (சந்திர சூரியர் உள்ளவரை) போன்றவை திரும்பத் திரும்ப வருபவை.

வாசகத்தைக் கொடுக்குமுன் கரும்பலகையில் இதை எழுதுங்கள்:

விளககுககுவைததஆடுதொணணூறறாறு

யாராவது ஒருவர் 'விளக்குக்கு வைத்த ஆடு தொண்ணூற்றாறு' என்று பிரித்துப் படித்துவிடுவார். கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இராது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இராது, எகர ஏகார வேறுபாடும் இராது. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் வரும். நடுநடுவே (வடசொற்களை எழுதப் பயன்பட்ட) கிரந்த எழுத்துகள் கலந்திருக்கும். இந்த ஐந்தையும் சொல்லிவிட்டால் போதும். வட்டெழுத்து, தமிழி என்ற பழைய எழுத்து முறைகளைச் சொல்லி எழுத்து வரலாற்றுக்குள் நுழைய வேண்டாம், அது தனிப் பாடம்.

பிறகு மூன்றே கேள்வி: கொடுத்தவர் யார்? கொடுத்தது என்ன? தவறாமல் நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருக்கு? மூன்றாவதற்குப் பதில் பெரும்பாலும் கடைசி வரியில் 'பன்மாஹேஸ்வர ரக்ஷை' (சிவனடியார் அனைவரின் காவல்) என்று இருக்கும். அரசன் பெயரை நீங்களாகச் சொல்லாதீர்கள். சொன்ன மாத்திரத்தில் பாடநூலில் படித்ததை ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஆண்டுக் கணக்கில்தான் அதிகம் தவறு நடக்கும். 'யாண்டு ௨௰௫' என்பதைப் பிள்ளைகள் இரண்டு, பத்து, ஐந்து என்று படிப்பார்கள். இரண்டு பத்தும் ஐந்தும், அதாவது 25 என்று விளக்குங்கள். அரசன் பட்டமேறிய ஆண்டோடு ஆட்சியாண்டைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் பொது ஆண்டு வரும். இராசராசன் 985இல் பட்டமேறினான். அவனது 25ஆம் ஆண்டு 1009–10. ஆட்சியாண்டு சனவரியில் தொடங்குவதில்லை, ஆகவே இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தே எழுத வைக்க வேண்டும். வெறும் 'கோப்பரகேசரி' (அரசன் பரகேசரி) என்று மட்டும் இருந்தால் அரசனை முடிவு செய்யக் கூடாது. சோழர் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாற்றி மாற்றிச் சூடினார்கள், பரகேசரிகள் பலர். 'மதுரை கொண்ட' என்ற அடைமொழி சேர்ந்தால்தான் முதலாம் பராந்தகன் என்று சொல்லத் துணியலாம்.

இரண்டாம் பாடவேளை: விளக்குக் கணக்கு

விளக்குக் கொடை கிடைத்திருந்தால் அதிர்ஷ்டம்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு நாள்தோறும் உழக்கு நெய். அதற்கு ஈடாக 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. சில ஊர்களில் 90 ஆடு. கணக்கு வாத்தியாரையும் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

4 உழக்கு ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம். ஆண்டுக்கு 360 நாள் என்றால் 360 உழக்கு, அதாவது 90 நாழி, அதாவது 11 குறுணி 2 நாழி. ஒரு கலத்துக்கு ஆறு நாழி குறைவு. இதை மில்லிலிட்டராக மாற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அளவை இடத்துக்கு இடம் மாறியது, முகக்கும் மரக்காலுக்கே தனிப்பெயர் இருந்தது. தஞ்சையில் அது 'ஆடவல்லான்'.

இனிக் கேள்விகளை அவர்களே கேட்பார்கள். ஒரு பசு ஏன் இரண்டு ஆட்டுக்குச் சமம், ஒரு எருமை ஏன் ஆறு ஆட்டுக்கு? 'சாவா மூவாப் பேராடு' என்கிறதே, ஆடு சாகாதா? சாகும், ஆனால் கணக்கில் சாகாது. செத்தவற்றுக்கும் கிழடுதட்டியவற்றுக்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து மந்தையின் எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருப்பது ஆடு மேய்ப்பவரின் பொறுப்பு. அப்படியானால் ஒரு கோடையில் நோய் வந்து பாதி மந்தை போனால் நட்டம் யாருக்கு? கொடையாளிக்குப் புண்ணியம், கோயிலுக்கு நெய், இடையருக்கு இடர் என்று ஒரு மாணவர் சொல்லிவிட்டால் அன்றைய பாடம் வெற்றி. கல்வெட்டில் இடையரின் குரல் எங்கே என்று அடுத்த மாணவர் கேட்டால் இன்னும் நல்லது.

கோயிலில்

அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரிடமும், பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் தொல்லியல் துறையிடமும் எழுத்துமூல அனுமதி வாங்குங்கள். பெற்றோர் ஒப்புதலும் வேண்டும். கோயிலுக்கு வர விருப்பமில்லாத பிள்ளைகள் இருக்கலாம். அவர்களை வகுப்பில் தனியே உட்கார வைக்காமல் இடத்தையே மாற்றுங்கள். நடுகல், ஏரி மதகு, பழைய மைல்கல், பள்ளிவாசல், தேவாலயக் கல்லறை எல்லாமே எழுத்துச் சான்றுதான். நடுகல்லில் 'தொறு' என்றால் ஆநிரை, 'பட்டான்' என்றால் இறந்தான். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லில் கள்ளனைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் பெயரோடு இடமுண்டு. ஆறாம் வகுப்புக்கு அந்த ஒன்றே போதும்.

காலை ஏழரைக்குப் போய்ப் பத்துக்குள் கிளம்பிவிடுங்கள். பத்தரைக்கு மேல் வெறுங்காலில் கல்தளத்தில் நிற்க முடியாது. எழுத்துத் தெரியாவிட்டால் சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய் எதையும் பூசக் கூடாது, பூசவும் விடாதீர்கள். எண்ணெய் பிசுக்காகிவிடும், மாவு எறும்பையும் பூஞ்சையையும் கூட்டிவரும். கைவிளக்கைச் சுவரை ஒட்டிப் பிடித்து, ஒளி சுவரோடு ஓடும்படி பக்கவாட்டில் அடியுங்கள். வெட்டின் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பித் தெரியும். வெயில் நேராக அடித்தால் கறுப்புக் குடையால் மறைத்துவிட்டு அதற்குள் விளக்கைப் பிடிக்க வேண்டும். படம் எடுக்கும்போது பக்கத்தில் அளவுகோலை வைத்து, இடமிருந்து வலமாகக் காற்பங்கு ஒன்றன்மேல் ஒன்று வரும்படி எடுங்கள். மைப்படி எடுப்பது (கல்லில் தாளை ஒற்றி மை தடவி எழுத்தைப் பிரதி எடுப்பது) பயிற்சி பெற்றவர்கள் வேலை, பள்ளிக்கானது அல்ல.

நான்கு பேர் கொண்ட பத்துக் குழுவும் ஒரே சுவரில் முண்டியடிக்காதபடி, ஐந்து குழு எழுத்தைத் தேடட்டும். மற்ற ஐந்து கோயிலின் வரைபடம் போட்டுக் கல்வெட்டு உள்ள இடங்களைக் குறிக்கட்டும். அரை மணி கழித்து மாறிக்கொள்ளலாம்.

அங்கே யாராவது ஒரு பெரியவர் வந்து, இங்கிருந்து தஞ்சைக்குச் சுரங்கப்பாதை இருக்கிறது என்பார். எந்த ஊரிலும் இது தவறாது. மறுத்துப் பேச வேண்டாம், கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். குறிப்பேட்டில் 'கல்லில் உள்ளது', 'நாம் ஊகிப்பது', 'கேள்விப்பட்டது' என்று மூன்று பத்தி கோடு போட்டிருந்தால் சுரங்கம் போய்ச் சேர வேண்டிய இடம் தானாகத் தெரியும்.

மூன்றாம் பாடவேளை: குடவோலை

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டு, பொது ஆண்டு 919, 921) எல்லாப் பாடநூலிலும் உள்ளவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுத்த குடவோலை முறையை இவை சொல்கின்றன. 'அன்றே மக்களாட்சி' என்று சொல்லி முடிப்பதுதான் வழக்கம். அதைவிட ஆடிப் பார்ப்பது மேல்.

நாற்பது அட்டை எழுதுங்கள். 16 அட்டை பெண்கள். 12 உழவர், கைவினைஞர், கூலியாட்கள். 12 நிலமுள்ள பிராமண ஆண்கள். இந்தப் பன்னிரண்டில் ஆறு பேரை 921ஆம் ஆண்டு விதி தள்ளும்படி அமையுங்கள்: வயது 32, வயது 72, நிலம் இரண்டு மா (வேலியில் பத்தில் ஒரு பங்கு) மட்டும், சென்ற ஆண்டுதான் வாரியத்தில் இருந்தவர், கணக்குக் காட்டாதவர், கணக்குக் காட்டாதவரின் மருமகன். விதிப்படி 35 வயதுக்கு மேல், 70க்குக் கீழ், கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, மூன்றாண்டு வாரியப் பொறுப்பில் இல்லாமை. அட்டையைக் குலுக்கிக் கொடுங்கள். பையனுக்குப் பெண் அட்டை வந்தாலும் மாற்றக் கூடாது. எல்லாரையும் நிற்க வைத்து விதிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். பொருந்தாதவர் உட்கார வேண்டும். ஆறு பேர் மிஞ்சுவார்கள்.

அவர்களை மூன்று குடும்பாக (ஊரின் உட்பிரிவு) பிரித்துப் பெயர்களை ஓலை நறுக்கிலோ கெட்டித்தாளிலோ எழுதிக் கட்டாக்கிக் குடத்தில் போடுங்கள். ஒரு கட்டை எடுத்து அவிழ்த்து வேறு குடத்தில் இட்டுக் குலைத்து, உள்ளே இருப்பது அறியாத சிறுவன் ஓர் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் (சபையின் நடுநிலைப் பணியாளர்) ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி உரக்கப் படிப்பான், அங்கே இருக்கும் நம்பிமார் (கோயில் பூசகர்) எல்லாரும் படிப்பார்கள். விரலை ஏன் விரிக்க வேண்டும் என்று கேளுங்கள். கள்ள ஓலை செருகுவதைத் தடுக்க என்று பிள்ளைகள் நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். முறைகேட்டுக்கு இத்தனை எச்சரிக்கை எடுத்தவர்கள், உட்கார்ந்திருக்கும் முப்பத்துநான்கு பேரைப் பற்றி ஏன் கவலைப்படவில்லை என்பது அடுத்த கேள்வி. 919இல் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே ஆண்டில் ஏன் மாற்றினார்கள் என்பதையும் விவாதத்துக்கு விடலாம்.

ஒரு எச்சரிக்கை. சோழர் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி போன்ற பெயர்கள் வரும். மறைத்து அச்சிடாதீர்கள், அதே சமயம் முன்னறிவிப்பில்லாமல் ஒரு மாணவரை எழுப்பி வாசிக்கச் சொல்லவும் கூடாது. அந்த வரியை ஆசிரியரே வாசித்து, நிலமும் குடியிருப்பும் எப்படிப் பிரிக்கப்பட்டிருந்தன என்று நேராகப் பேசுங்கள். 'உங்கள் தெரு அங்கேதான் இருந்ததா' என்ற கேள்விக்கு வகுப்பில் இடமே இல்லை.

நான்காம் பாடவேளை: மதிப்பீடு

பார்த்திராத நான்கு வரிக் கல்வெட்டு ஒன்றைக் கொடுங்கள். பத்து மதிப்பெண்ணில் வாசகத்திலிருந்து தகவல் எடுப்பதற்கு நான்கு, கல்லில் உள்ளதையும் ஊகத்தையும் பிரிப்பதற்கு நான்கு, விடை கிடைக்காத நல்ல கேள்வி ஒன்றுக்கு இரண்டு. அருஞ்சொல் பட்டியல் கையில் இருக்கட்டும்.

பயணத்துக்கு நவம்பர் 19–25 உலகப் பாரம்பரிய வாரம் பெயரளவில் பொருத்தம். வடகிழக்குப் பருவமழை குறுக்கிடும் மாவட்டங்களில் சனவரி மேல். தொகுதியில் இல்லாத கல்வெட்டோ வயலில் கிடக்கும் நடுகல்லோ பிள்ளைகள் கண்ணில் பட்டால் நகர்த்தவும் கழுவவும் குங்குமம் இடவும் வேண்டாம். அளவுகோலுடன் நான்கு பக்கப் படம், பக்கத்து நிலையான அடையாளத்திலிருந்து தூரம், கைப்பேசி காட்டும் இட எண், கண்ட மாணவரின் வகுப்பு ஆகியவற்றைக் குறித்துத் தலைமையாசிரியர் கையெழுத்தோடு வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் ஒவ்வொரு படி அனுப்பி, மூன்றாவது படியைப் பள்ளி நூலகத்தில் வையுங்கள்.