புது லைனுக்குத் தண்ணீர் திறக்க முன்

ஒழுங்கைக்குள் பைப் பதித்தாச்சு, இனி வால்வைத் திறந்தால் சரி என்று நினைக்காதீர்கள். உள்ளே செம்மண் கட்டி, சுண்ணக்கல் துண்டு, வாளால் அறுத்த பைப்பின் சீவல் எல்லாம் கிடக்கும், மழைக்காலமென்றால் ஒரு தேரையும். எங்கள் வேலை ஒன்றில் தேசிக்காயளவு கல் வால்வுக்குள் சிக்கி, அது மூடாமல் போய், மூடின கிடங்கைத் திரும்ப வெட்டினோம்.

ஆகவே முதல் வேலை குப்பையை உள்ளே விடாமல் பார்ப்பது. பின்னேரம் வேலை விட்டுப் போகும்போது திறந்த முனைக்கு மூடி போடுங்கள். சாக்கைத் திணிப்பது மூடி இல்லை, பிறகு அந்தச் சாக்கையும் சேர்த்துத்தான் தேட வேண்டிவரும்.

கழுவும்போது முதலில் மெல்ல நிரப்பிக் காற்றை வெளியே விடுங்கள். அப்புறம் கடைசி முனையைத் திறந்து வேகமாக ஓட விட வேண்டும், இதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். மெதுவாக ஒரு நாள் முழுக்க ஓடினாலும் கலங்கல் போகுமே தவிர கல்லும் மண்ணும் அடியிலேயே படுத்திருக்கும். நொடிக்கு 0.9 மீற்றர் வேகமாவது வேண்டும். 100 மில்லிமீற்றர் பைப்பில் அது நொடிக்கு 7 லீற்றர், அதாவது 20 லீற்றர் வாளி மூன்று நொடிக்குள் நிரம்ப வேண்டும். வீட்டுக் குழாய் ஒன்றைத் திறந்துவிட்டால் அதற்குக் காணாது. அந்த அளவு பைப் 100 மீற்றர் நீளத்தில் ஏறக்குறைய 785 லீற்றர் பிடிக்கும், மூன்று தரம் மாறி ஓட ஆறு நிமிடம் போதும். பிறகு வெள்ளை வாளியில் பிடித்து, கொஞ்சம் அடைய விட்டு, அடியைப் பாருங்கள், மணல் இருந்தால் இன்னும் ஓடட்டும். பெரிய பைப்புக்கு இந்த வேகம் கிடைக்காவிட்டால் ஸ்பொஞ்ச் உருளையைத் தண்ணீர் அழுத்தத்தால் தள்ளி எடுப்பார்கள், ஆனால் வழியில் பட்டர்பிளை வால்வு (திறந்தாலும் தட்டு பைப்பின் நடுவிலேயே நிற்கும் வகை) இருந்தால் உருளை அதில் நின்றுவிடும்.

அடுத்தது கிருமி கொல்லக் குளோரீன். லீற்றருக்கு 25 மில்லிகிராம் கலந்த தண்ணீரை 24 மணித்தியாலம் பைப்புக்குள் நிற்க விடுங்கள். மேலே சொன்ன 785 லீற்றருக்கு 65 வீதக் குளோரீன் தூள் 30 கிராம் போதும், கை மதிப்பில் அள்ளிப் போடாதீர்கள். மறுநாள் லீற்றருக்கு 10 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும், குறைந்திருந்தால் உள்ளே இன்னும் அழுக்கு இருக்கிறது, திரும்பக் கழுவுங்கள்.

அந்தத் தண்ணீரைக் கண்ட இடத்தில் ஊற்ற வேண்டாம். எங்கள் ஊர் சுண்ணக்கல் நிலம், மேலே ஊற்றுவது வெடிப்புகளால் இறங்கி யாருடைய கிணற்றுக்காவது போய்ச் சேரும். சோடியம் தயோசல்பேற்று கலந்து குளோரீனை முறித்த பிறகுதான் விட வேண்டும். பிறகு நல்ல தண்ணீரால் கழுவி, கிருமிப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்து, முடிவு சரியாக வந்த பிறகே வீடுகளுக்கு இணைப்பு.

ஒரு கிழமை கழித்து ஒழுங்கையின் கடைசி வீட்டின் தண்ணீர் மீற்றரில் இருக்கும் வடியை (சிறு சல்லடையை) கழற்றிப் பாருங்கள். சீவல் இருந்தால் கடைசி முனையைத் திரும்பத் திறக்க வேண்டியதுதான்.