தேசத்தையும் அரசுக் கொள்கையையும் போட்டுக் குழப்பாதீர்கள்

வேலூர் காந்தி ரோட்டில் லாட்ஜ், மருந்துக்கடை, ஓட்டல் என்று எங்கே பார்த்தாலும் வங்காள எழுத்தில் போர்டு இருக்கும். சி.எம்.சி.யில் வைத்தியம் பார்க்க கொல்கத்தாவிலிருந்தும் வருகிறார்கள், டாக்காவிலிருந்தும் வருகிறார்கள். பேசுவது ஒரே மொழி. ஆனால் ரூம் போடும்போது ஒருவர் ஆதாரை நீட்டுவார், இன்னொருவர் பாஸ்போர்ட்டை நீட்டுவார். மொழி ஒன்றானால் தேசமும் ஒன்று என்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். மதம் ஒன்றானால் போதும் என்பதும் அதே தவறுதான். மதத்தை வைத்து 1947-ல் பாகிஸ்தானோடு போன கிழக்கு வங்கம், உருது மட்டுமே ஆட்சிமொழி என்றதும் கொதித்தது. 1952-ல் டாக்காவில் மாணவர்கள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள், 1971-ல் அது தனிநாடாகவே பிரிந்துவிட்டது.

இதைவிடப் பெரிய தவறு, அரசு எழுதிவைத்த கொள்கைதான் மக்களின் அடையாளம் என்று நம்புவது. வங்கதேசத்தின் 1972 அரசியலமைப்பில் மதச்சார்பின்மை இருந்தது, 1977-ல் ராணுவ ஆட்சி அதை நீக்கியது, 1988-ல் இஸ்லாம் அரசு மதமானது, 2011-ல் மதச்சார்பின்மை திரும்ப வந்தது, அரசு மதமும் அப்படியே இருந்தது. இத்தனை தடவை மாற்றியும் பிப்ரவரி 21 அன்று மொழித் தியாகிகளுக்குப் பூ வைக்க வரும் கூட்டம் குறையவில்லை. நம் அரசியலமைப்பின் முகப்புரையில் ‘சமதர்ம’, ‘மதச்சார்பற்ற’ என்ற சொற்கள் நுழைந்ததும் 1976-ல், 42-வது திருத்தத்தில்தான். அதற்கு முந்தைய நாள்வரை நாம் இந்தியர்கள் இல்லையா? ஆளும் கட்சியின் கொள்கையைக் கேள்வி கேட்பவரை தேசத்துரோகி என்று திட்டுபவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

நம்ம வேலூர் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று நடந்த எழுச்சிக்கும் இன்றைய தேசியத்தை அப்படியே மாட்டிவிடாதீர்கள். ஆங்கிலேயர் புதுத் தலைப்பாகையைத் திணித்ததும், நெற்றிக்குறியும் கடுக்கனும் கூடாது என்றதும் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தன. அவர்கள் ஏற்றியது மைசூரை ஆண்ட திப்பு சுல்தானின் கொடி. அவர்கள் வீரம் இதனால் ஒரு துளியும் குறையாது.

சரி, அதற்காக அரசு கொள்கையால் அடையாளம் மாறவே மாறாது என்றும் சொல்லிவிட முடியாது. இலங்கையில் 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் போட்டார்கள், 1972-ல் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தார்கள். சம உரிமை கேட்டுக்கொண்டிருந்த தமிழர் தலைவர்கள் 1976-ல் வட்டுக்கோட்டையில் தனிநாடு கேட்டுத் தீர்மானம் போட்டார்கள். அப்புறம் வந்த போரில் தப்பி வந்தவர்கள் வேலூர் பக்கத்தில் நம் மேல்மொணவூர் அகதி முகாமிலும் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட முகாம்களிலேயே பிறந்து, இங்கேயே பள்ளி முடித்த பிள்ளைகள் பலருக்கு இன்னும் இந்தியக் குடியுரிமை கிடைக்கவில்லை.