வேலைக்குப் போகும் பெற்றோருக்கு: பாக்கெட் உணவை வைத்து இணை உணவு தொடங்குவது எப்படி

சட்டம் தரும் மகப்பேறு விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். பாலோடு இணை உணவு தொடங்க வேண்டிய ஆறு மாதம் என்பதும் அதேதான். அதனால் முதல் கரண்டி கஞ்சி ஊட்டும் வாரமும் அலுவலகம் திரும்பும் வாரமும் பல அம்மாக்களுக்கு ஒன்றாகவே வந்து நிற்கின்றன. பிரசவத்துக்கு முன்பே 8 வாரம் எடுத்துவிட்டவர்கள், குழந்தைக்கு நாலு மாதம் முடிந்த கையோடு கிளம்ப வேண்டியிருக்கும். உடனடிக் கஞ்சிப் பொடி, பழக்கூழ் போன்ற பாக்கெட் உணவு வீட்டுக்குள் வருவது இந்த நெருக்கடியில்தான். அதற்காக யாரும் மனம் குன்ற வேண்டியதில்லை. எதற்காக வாங்குகிறோம், எதற்கு அதை நம்பக் கூடாது என்று தெரிந்திருந்தால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விடுப்பு சீக்கிரம் முடிகிறதே என்று நாலாவது மாதத்திலேயே "பழக்கிவிட" வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். வேலைக்குப் போனால் பிழிந்து வைத்த பால். அதற்கு வழியில்லாத இடத்தில் மருத்துவர் சொன்ன ஃபார்முலா பால். இணை உணவு தொடங்க 180 நாள் முடிந்திருக்க வேண்டும், தலை நிற்க வேண்டும். பிடித்து உட்காரவைத்தால் உட்கார வேண்டும். வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் இருக்க வேண்டும். குறைமாதக் குழந்தை என்றால் தொடங்கும் நாளை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பாக்கெட்டின் பலம் எது

இரும்புச்சத்து. பிறக்கும்போது உடலில் இருக்கும் இரும்பு இருப்பு ஆறு மாதவாக்கில் தீர்ந்துவிடுகிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. நாம் முதலில் கொடுக்கும் பருப்புத் தண்ணீரும் குழைந்த சாதமும் அந்தக் குறையை ஈடு செய்யாது. இரும்பு சேர்த்த உடனடிக் கஞ்சிப் பொடி இங்கே உண்மையாகவே உதவும். சில துளி எலுமிச்சைச் சாறோ, பிசைந்த கொய்யாவோ, ஆரஞ்சுச் சுளையின் சாறோ சேர்த்தால் உடல் அதைக் கூடுதலாக உறிஞ்சும். கொய்யாவில் விதையை எடுத்துவிடுங்கள்.

பலவீனம் இரண்டு. எல்லாப் பாக்கெட்டும் ஒரே மாதிரி வழவழப்பு. மெல்லக் கற்றுக்கொள்ளும் வாய்க்கு அதில் வேலையே இல்லை. அடுத்தது ருசி. காரட் படம் போட்ட பெட்டியிலும் உள்ளே இனிப்புதான் முன்னால் நிற்கும். முருங்கைக்கீரையும் அவரைக்காயும் பீர்க்கங்காயும் எப்படி இருக்கும் என்று பெட்டி சொல்லித் தராது.

ஆகவே எங்கள் கணக்கு இது: ஒரு நாளில் ஒரு வேளை, அவசரம் என்றால் இரண்டு வேளை பாக்கெட், மீதி வீட்டுப் பாத்திரத்திலிருந்து.

கடையில் நின்று படிக்க வேண்டியவை

பெட்டியின் முன்பக்கத்தை விட்டுவிடுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உணவை விளம்பரப்படுத்தவே கூடாது என்கிறது 1992-ல் வந்து 2003-ல் திருத்தப்பட்ட சட்டம். ஆனால் பெயரும் வண்ணமும் சொல்வதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். பின்பக்கம் திருப்புங்கள்.

பொருட்பட்டியல் எடை வரிசையில் இருக்கும். முதலில் வருவதே அதிகம். முதல் மூன்றில் சர்க்கரை, சுக்ரோஸ், வெல்லத்தூள், பழச்சாறு அடர்கரைசல் எது இருந்தாலும் திரும்ப வைத்துவிடுங்கள். பேரீச்சம்பழத்தூளும் இனிப்புதான். மால்டோடெக்ஸ்ட்ரின் இனிப்பாக இருக்காது, ஆனால் வெறும் மாவுச்சத்து, இடத்தை அடைக்கும்.

அடுத்து சத்து அட்டவணை. அதில் 'மொத்த சர்க்கரை', 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்று இரண்டு வரி இருக்கலாம். பால் கலந்த பொடியில் மொத்தம் அதிகமாகத் தெரிவது பாலிலேயே உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையால். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சேர்க்கப்பட்ட சர்க்கரையைப் பாருங்கள். 100 கிராமுக்கு 12 கிராம் என்று போட்டிருந்து, ஒரு வேளைக்கு 25 கிராம் பொடி போட்டால் 3 கிராம் சர்க்கரை. ஏறக்குறைய முக்கால் டீஸ்பூன். நாளுக்கு இரண்டு வேளை என்றால் ஒன்றரை டீஸ்பூன். ஒரு வயதுக்குள் அது பூஜ்யமாக இருக்க வேண்டியது. உப்பும் அப்படியே.

பிறகு 14 இலக்க உணவு உரிம எண், காலாவதித் தேதி, எந்த மாதத்திலிருந்து என்ற குறிப்பு. தேன் சேர்த்தது எதுவானாலும் ஒரு வயது வரை வேண்டாம்; அதில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் வித்து சிசுவின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும், கைகால் துவண்டுபோகும்.

பாலில் ஊறவைத்த பிஸ்கட், ரஸ்க், ஜவ்வரிசிக் கஞ்சி, கூவைக்கிழங்கு மாவு ஆகியவற்றை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். வயிறு நிறையும், இரும்பும் புரதமும் கிடைக்காது. நல்ல எண்ணத்தோடு பெரியவர்கள் வாங்கி வருவார்கள். காரணத்தைப் பொறுமையாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

சத்துமாவையும் உடனடிப் பொடியையும் குழப்பாதீர்கள்

அதிகம் நடக்கும் தவறு இதுதான். உடனடிக் கஞ்சிப் பொடி தொழிற்சாலையிலேயே வெந்து, காய்ந்து, செதிலாக வருவது. தண்ணீரில் கலந்தால் உணவு. கடையில் கிடைக்கும் சத்துமாவும் ராகிமாவும் நேந்திரங்காய்ப் பொடியும் அப்படி இல்லை. பெரும்பாலும் வறுத்தோ காயவைத்தோ அரைத்த மாவு. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அதை வெந்நீரில் கரைத்து ஊட்டினால், வேகாத மாவு செரிக்காமல் வயிறு உப்பும், குழந்தை இரவெல்லாம் காலை மடக்கி அழும். மாவில் கிருமி இருந்தால் அது சாகவும் சாகாது.

வேகவைக்கும் மாவுக்கு: 1 டேபிள்ஸ்பூன் மாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அதன் பிறகே அடுப்பில் வையுங்கள். வெந்நீரில் போட்டால் வெளியே வெந்து உள்ளே பச்சையாக உருண்டை கட்டும். சிறு தீயில் 8 முதல் 10 நிமிடம் கிளறவேண்டும். பச்சை வாசனை போய், கரண்டியில் பளபளவென்று ஒட்டினால் வெந்தது. இறக்கி அரை டீஸ்பூன் நெய்.

உடனடிப் பொடிக்கு: தண்ணீரைக் கொதிக்கவைத்து வெதுவெதுப்பாக ஆறவிட்டு, அளந்து கிண்ணத்தில் ஊற்றி, பொடியைத் தூவிக்கொண்டே கலக்குங்கள். பொடியின் மேல் தண்ணீர் ஊற்றினால் அடியில் கட்டி நிற்கும். அளவுக் கரண்டியைத் தலைதட்டிப் போடுங்கள். எத்தனை கரண்டிக்கு எவ்வளவு தண்ணீர் என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும். பால் சேர்ந்த பொடி என்றால் தண்ணீர் மட்டும்தான். அதில் மேலும் பால் ஊற்றாதீர்கள். வெறும் தானியப் பொடி என்றால் பிழிந்த தாய்ப்பாலிலோ குழந்தை குடிக்கும் ஃபார்முலா பாலிலோ கலக்கலாம்.

எவ்வளவு கெட்டி? கரண்டியைச் சாய்த்தால் ஓடக் கூடாது. மெதுவாக வழுக்கி விழ வேண்டும். 7 கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது சுமார் 200 மில்லி. அதைத் தண்ணீராக நிரப்பினால் சத்துக்கு இடமில்லை. "நல்லாக் குடிக்கிறான், ஆனா எடை ஏறல" என்ற குறைக்குப் பின்னால் பல நேரம் நீர்த்த கஞ்சிதான் இருக்கும். ராகிக்கூழ் கெட்டியாகிக் குழந்தை முழுங்கத் திணறினால் தண்ணீர் ஊற்ற வேண்டாம். முளைகட்டிய ராகிமாவு அரை டீஸ்பூன் எடுத்து, சூடாக இருக்கும் கூழில் கலந்து இரண்டு நிமிடம் விட்டு, மறுபடி ஒரு கொதி விடுங்கள். முளைப்பில் உண்டான அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கும். கூழ் கண்முன்னே இளகும், சத்து அப்படியே இருக்கும்.

இதே நொதி நம் எச்சிலிலும் உண்டு. பாதி ஊட்டி வைத்த கிண்ணத்தைக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். கரண்டி பட்ட இடம் தண்ணீராகி, ஓரத்தில் மட்டும் கெட்டியாக நிற்கும். எச்சில் வேலை செய்துவிட்டது. அதோடு போன கிருமிகளும் பெருகத் தொடங்கிவிட்டன. அந்த மிச்சத்தைச் சூடாக்கி மறுபடி ஊட்டாதீர்கள். வேண்டியதை மட்டும் வேறு கிண்ணத்தில் எடுத்து ஊட்டினால் இந்தச் சிக்கலே இல்லை. பழக்கூழ்ப் பாட்டிலுக்கும் பவுச்சுக்கும் அப்படித்தான்: திறந்த உடனே பாதியைக் கிண்ணத்தில் பிழிந்துகொண்டு, வாய்படாத மீதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் தீருங்கள். பவுச்சை வாயில் வைத்து உறிஞ்சவிடாதீர்கள். கரண்டியில் கொடுத்தால்தான் உதடும் நாக்கும் பழகும்.

ஒரு வேலை நாள்

ஆறு மாதம் முடிந்ததும்: 2, 3 டேபிள்ஸ்பூன் வீதம் நாளுக்கு 2, 3 வேளை. எட்டாம் மாதத்துக்குள் வேளைக்கு அரைக் கப், அதாவது 125 மில்லி. 9 மாதத்திலிருந்து 3, 4 வேளையும் இடையில் ஒரு சிற்றுணவும். பால் தொடரட்டும்.

காலை 7 மணி, கிளம்பும் முன்: உடனடிக் கஞ்சி, பழம் சேர்த்து. மதியம், பாட்டியோ ஆயாம்மாவோ ஊட்டும் வேளை: பருப்புச் சாதம். குக்கரில் வெந்த பருப்பு, சாதம், ஒரு காய்த்துண்டு மூன்றையும் உப்பும் மிளகாயும் போடும் முன் ஒரு கரண்டி எடுத்து வைத்தால் போதும், தனிச் சமையல் இல்லை. மாலை வீடு திரும்பியதும்: ஒரு இட்லி. கடையில் வாங்கும் ஈரமாவில் உப்பு கலந்திருக்கலாம். விசாரித்து உப்பில்லாத மாவாக வாங்குங்கள், புளிக்காத முதல் நாள் மாவை எடுங்கள், இட்லியைப் பருப்பில் ஊறவையுங்கள். வாரத்தில் மூன்று நாளாவது நன்கு வெந்த முட்டையோ முள் நீக்கிய மீனோ மசித்த ஈரலோ சேருங்கள்.

புதிய பொருளைக் காலையில், கொஞ்சமாக, ஒவ்வொன்றாகக் கொடுத்து 3 நாள் பாருங்கள். கோதுமை, பால், சோயா, கொட்டை வகை இருந்தால் பாக்கெட்டிலேயே எழுதியிருப்பார்கள். நாலு தானியம் கலந்த பொடியை முதல் பாக்கெட்டாக வாங்கினால், தடிப்பு வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. தனித் தானியத்தில் தொடங்குங்கள். உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ காத்திருக்க வேண்டாம், 108.

எட்டாம் மாதத்தில் மிக்சியை நிறுத்துங்கள். கரண்டியின் முதுகால் மசித்து, சிறு கட்டிகளை விட்டுவிடுங்கள். 9 மாதத்தில் இட்லித் துண்டு, விரல் நீளத்துக்கு வெந்த காரட். இரண்டு விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும். முகம் சிவந்து "ஓக்" என்று சத்தத்தோடு தள்ளினால் அது பழகுகிறது. சத்தமே வராமல் திணறினால்தான் ஆபத்து. 10 மாதம் தாண்டியும் வழவழப்பிலேயே வைத்திருந்தால் பின்னால் கட்டியைக் கண்டாலே துப்பும் குழந்தையாகிவிடும். பாக்கெட்டை மட்டுமே நம்பிய வீடுகளில் நாங்கள் அதிகம் பார்ப்பது இந்தச் சிக்கலைத்தான்.

கஞ்சியைப் பால்புட்டியில் ஊற்றுவதும், காலில் படுக்கப்போட்டுச் சங்கிலோ பாலாடையிலோ வாயில் விடுவதும் வேண்டாம். புரையேறும். நிமிர்ந்து உட்காரவைத்து ஊட்டுங்கள்.

பார்த்துக்கொள்பவருக்கு எழுதி வையுங்கள்

டப்பாவின் மேல் மார்க்கரால் மூன்று வரி: திறந்த தேதி, கரண்டிக்கணக்கு, தண்ணீர் அளவு. திறந்த பொடியை உள்தாளோடு மடித்துக் காற்றுப்புகாத டப்பாவில், அடுப்படிச் சூடு படாத இடத்தில் வையுங்கள். ஈரக் கரண்டி போடக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் ஈரம் கோத்துக் கட்டிவிடும். பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நாளுக்குள் தீர்க்க முடியாது என்று தெரிந்தால் சிறிய பாக்கெட்டாக வாங்குங்கள்.

பயணத்தில் கலந்த கஞ்சியை ஃபிளாஸ்கில் கொண்டுபோகாதீர்கள். வெதுவெதுப்பு கிருமிக்குத் தொட்டில். ஃபிளாஸ்கில் வெந்நீர், சின்ன டப்பாவில் அளந்த பொடி; பேருந்திலேயே கலக்கலாம்.

இரும்பு சேர்த்த பொடி தொடங்கியதும் மலம் கரும்பச்சையாகப் போகும். அது இரும்பின் நிறம். மலம் இறுகினால் கூடவே காய்ச்சி ஆறிய தண்ணீரைச் சில கரண்டி கொடுங்கள், சில நாள் வாழைப்பழத்துக்குப் பதில் பப்பாளி கொடுங்கள். அங்கன்வாடியில் தரும் சத்துமாவில் வெல்லம் உண்டு. அதோடு வேறு இனிப்புச் சேர்க்க வேண்டாம். அரசு தரும் இரும்புச் சிரப் 6 மாதத்திலிருந்து வாரம் இரு முறை 1 மில்லி. கிராமச் செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள், பாக்கெட் கஞ்சியும் கொடுப்பதைச் சொல்லுங்கள்.

ஒரு வயதில் பெட்டிகளை நிறுத்திவிடலாம். காலாவதியாகாத கடைசிப் பொடி மீந்தால், ஒரு முட்டை, பாதி வாழைப்பழம், மூன்று டேபிள்ஸ்பூன் பொடி அடித்து, நெய் தடவிய தோசைக்கல்லில் சின்னச் சின்ன அடையாக ஊற்றிக் கையில் கொடுங்கள்.