தைராய்டு ஊசி மாதிரி: மெடுல்லரி நம் கையிலிருந்து நழுவும் இடம்

எங்கள் முதுநிலை மாணவர் ஒருவர் போன வாரம் தைராய்டு கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த செல்களின் ஸ்லைடு ஒன்றைப் பார்த்துவிட்டு, "உட்கருவுக்குள் குமிழி தெரிகிறது, பாப்பிலரிதான்" என்றார். பாப்பிலரி, தைராய்டு புற்றுகளில் பரவலான வகை. பல ஆண்டுகளுக்கு முன் நானும் அதே அவசரத்தில் அதையேதான் எழுதினேன். ஸ்லைடு உலர்வது, சாயம் கெடுவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை; ஸ்லைடைப் படிக்கும்போது நாம் செய்யும் தவறுகள் மட்டும்.

குமிழியைக் கண்டதும் பாப்பிலரி என்று முடிவுகட்டுவது

சைட்டோபிளாசம் உட்கருவுக்குள் புகுந்து தெரியும் அந்தக் குமிழி, தைராய்டின் இன்னொரு புற்றான மெடுல்லரியிலும் வரும். அன்று என் ஸ்லைடில் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறிக் கிடந்தன. சிலவற்றில் உட்கரு ஓரமாக ஒதுங்கியிருந்தது, சில கதிர்போல் நீண்டிருந்தன. உட்கருவிலுள்ள மரபுப்பொருளான குரோமட்டின் உப்பும் மிளகும் தூவியதுபோல் இருந்தது. நடுவே கிடந்த திட்டுகளை, தைராய்டில் இயல்பாகவே இருக்கும் கூழான கொலாய்டு என்று கடந்துவிட்டேன். அது மெடுல்லரியில் படியும் புரதமான அமிலாய்டு. காங்கோ ரெட் சாயமிட்டுத் துருவ ஒளியில் வைத்திருந்தால் ஆப்பிள் பச்சையாக மின்னியிருக்கும்.

பாப்பிலரி என்று நம்பி அந்த நோயாளியின் தைராய்டை எடுத்தார்கள். திசு அறிக்கை மெடுல்லரி என்றது. கழுத்து நிணநீர்க் கணுக்களுக்காக அந்தப் பெண்மணி இரண்டாம் முறை அறுவை மேசைக்குப் போனார். கால்சிட்டோனின் ஹார்மோனைச் சுரக்கும் சி செல்களில் பிறக்கும் இந்தப் புற்று அயோடினை உறிஞ்சாது, ஆகவே கதிரியக்க அயோடினும் உதவாது. சுமார் 25 சதவீதம் பரம்பரையாக வருவது. அதற்குக் காரணமான ஆர்இடி (RET) மரபணுவைச் சோதிக்க வேண்டும். அத்தகையவர்களுக்கு அட்ரினல் சுரப்பியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டியும் இருக்கலாம். அதை அறியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் எகிறி உயிரே போகலாம். அவருக்கு அது இல்லாதது எங்கள் நல்லகாலம். ஊசி கழுவிய நீரில் கால்சிட்டோனின் அளந்திருந்தாலே போதும் என்று நினைக்கும்போது இன்றும் ஆத்திரம் வருகிறது.

மாணவரின் ஸ்லைடில் கால்சிட்டோனின் பாசிட்டிவ், பாப்பிலரியில் வழக்கமாகத் தெரியும் தைரோகுளோபுலின் நெகட்டிவ். அதுவும் மெடுல்லரிதான். அட்ரினல் சோதனை முடியும்வரை தேதி குறிக்க வேண்டாம் என்று அறுவை மருத்துவரிடம் அவரே பேசினார்.

லிம்போசைட்டுகளைக் கண்டு ஹாஷிமோட்டோ என்று அமைதியாவது

லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள் ஹாஷிமோட்டோ என்ற தைராய்டு அழற்சியிலும் நிறையத் தெரியும். ஆனால் முதியவர், சில வாரங்களில் பெருத்த கழுத்து, ஸ்லைடு முழுக்க ஒரே அச்சில் வார்த்த செல்கள் என்றால், அந்த வெள்ளணுக்களின் புற்றான லிம்போமாவை நினையுங்கள். செல்களின் வகையைப் பிரித்தறியும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு அப்போதே தனி மாதிரி எடுங்கள்.

'வெறும் நெக்ரோசிஸ்' என்று எழுதுவது

நெக்ரோசிஸ், அதாவது செத்த திசு மட்டுமே வந்தால், கட்டியின் ஓரத்தில் இன்றே மறுபடி குத்துங்கள். மிக வேகமாக வளரும் தைராய்டு புற்றான அனபிளாஸ்டிக் அடுத்த வாரம்வரை பொறுக்காது.

பழைய சிறுநீரகப் புற்றை விசாரிக்காமல் விடுவது

சிறுநீரகப் புற்று தைராய்டுக்குப் பரவக்கூடும்; பத்தாண்டு கடந்திருந்தாலும் கேளுங்கள்.