மண்ணில் விழுந்தது ஓடைக்கு எப்படிப் போகிறது? பி.வி.சி குழாயில் ஒரு செய்முறை

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் எடுத்து முடித்த பாத்தியில் ஒரு பிடி ஈரமண்ணைப் பிசைந்து பாருங்கள். விரலில் ஒட்டும் செம்பழுப்பு, இரும்பு ஆக்சைடு. கூடவே தெரியும் கருமை, மக்கு, அதாவது மக்கிய இலைதழை. டி.டி.டி, எண்டோசல்ஃபான் ஆகிய பூச்சிக்கொல்லிகள், நீர் ஒட்டாத பூச்சுகளில் வரும் பி.எஃப்.ஏ.எஸ் போன்ற எளிதில் சிதையாத ரசாயனங்களை மலைமண்ணில் பிடித்து வைப்பதில் இவை இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு. மண்தான் வடிகட்டிவிடுமே என்று பலர் நம்புகிறார்கள். பிடித்து வைத்தது முழுக்கப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அந்தப் பிடி எப்போது தளர்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

நிஜ நஞ்சு எதையும் தொட வேண்டாம். கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட பாதரச வெப்பமானி ஆலையைச் சுற்றியுள்ள மண் போன்றவற்றைத் தோண்டவே கூடாது. நமக்கு மூன்று பொருள் போதும். சமையல் உப்பு மண்ணில் அநேகமாக ஒட்டாது, தண்ணீரின் வேகத்திலேயே போகும். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் மெத்திலீன் ப்ளூ நேர்மின்னூட்டம் கொண்டது, களிமண்ணும் மக்கும் அதை இறுக்கிப் பிடிக்கும். உணவுச் சாயமான பிரில்லியன்ட் ப்ளூ எதிர்மின்னூட்டம் கொண்டது. தண்ணீரில் கரைந்த பி.எஃப்.ஏ.எஸ் வகைகளில் பலவும் அப்படித்தான், அதனால் அவற்றுக்குப் பதிலாள் இது.

1. மண் எடுப்பது

மேல் 15 செ.மீ மண், ஒன்றரைக் கிலோ. நிழலில் உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே 2 மி.மீ சல்லடையில் சலியுங்கள். வெயிலில் போட்டு மொறுமொறுப்பாக்கிவிட்டால் மக்கு நிறைந்த மலைமண் தண்ணீரையே ஏற்காது. ஊற்றிய நீர் மேலேயே முத்து முத்தாக நிற்கும், சோதனை அங்கேயே கெட்டுவிடும்.

2. சுண்ணாம்பு மண்

இதை இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். அரைக் கிலோ மண்ணில் 1.5 கிராம் டோலமைட் (வயலுக்குப் போடும் சுண்ணாம்புத் தூள்) கலந்து ஈரமாக மூடி வையுங்கள். ஹெக்டேருக்கு 4 டன் போடுவதற்கு இது ஏறக்குறையச் சமம். பிறகு ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு நீர் கலந்து, சாதா மண், சுண்ணாம்பு மண் இரண்டின் பி.எச் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

3. குழாய் நிரப்புவது

63 மி.மீ பி.வி.சி குழாய், 30 செ.மீ நீளத்தில் மூன்று துண்டு. உட்சுவரை உப்புத்தாளால் நன்றாகத் தேயுங்கள். வழவழப்பாக விட்டால் நீர் மண்ணுக்குள் போகாமல் சுவரோரமாக இறங்கிவிடும். அடியில் 6 மி.மீ துளையிட்ட மூடி, கொசுவலை, 2 செ.மீ கழுவிய மணல். அதன் மேல் 20 செ.மீ உயரத்துக்கு மண், ஒரு குழாய்க்கு சுமார் 490 கிராம் (உலர் எடைக் கணக்கு). 2 செ.மீ போட்டுத் தட்டி, மேற்பரப்பைக் கம்பியால் கீறிவிட்டு அடுத்த 2 செ.மீ போடுங்கள். கீறாவிட்டால் ஏடு ஏடாகப் பிரியும். நிரப்பியதும் குழாயை மழைநீர் வாளியில் நிறுத்தி, அடியிலிருந்து மெதுவாக ஊற விடுங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு அளவீட்டைக் குழப்பும்.

4. மழை பெய்விப்பது

முதல் குழாயில் சாதா மண்ணும் மெத்திலீன் ப்ளூவும். இரண்டாவதில் சாதா மண்ணும் பிரில்லியன்ட் ப்ளூவும். மூன்றாவதில் சுண்ணாம்பு மண்ணும் பிரில்லியன்ட் ப்ளூவும். ஒவ்வொன்றிலும் 50 மி.லி நீரில் கால் கிராம் சாயமும் 1 கிராம் உப்பும் கரைத்து ஊற்றுங்கள். அது இறங்கியதும் மருந்துக்கடை ட்ரிப் செட்டில் நிமிடத்துக்கு 20 சொட்டு மழைநீர். அதாவது மணிக்கு 60 மி.லி, இந்தக் குழாய்க்கு 22 மி.மீ மழை. கோத்தகிரியில் ஐப்பசி அடைமழை பார்த்தவர்களுக்கு அந்த வேகம் புரியும்.

கீழே வருவதை 20 மி.லி வீதம் பிடித்து டி.டி.எஸ் மீட்டரில் (நீரில் கரைந்த உப்பைக் காட்டும் கருவி) அளந்து எழுதுங்கள். மண்ணின் துளைகள் கொள்ளும் நீர் சுமார் 360 மி.லி. உப்பின் உச்சம் அதை ஒட்டி வர வேண்டும். 100 மி.லி-யிலேயே வந்துவிட்டால் சுவரோரம் ஒழுகுகிறது என்று பொருள், பிரித்து மறுபடி நிரப்புங்கள்.

5. அறுத்துப் பார்ப்பது

சாயம் கீழே வந்து சேரும் என்று காத்திருக்க வேண்டாம். 1,080 மி.லி இறங்கியதும் நிறுத்தி, குழாயை நெடுக்காக ரம்பத்தால் அறுத்துத் திறங்கள். செம்மண்ணில் நீலப்பட்டை எதுவரை இறங்கியிருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். இந்தக் குழாயில் 18 மி.லி நீர் 1 செ.மீ நகரும், ஆகவே தண்ணீர் நகர்ந்த தூரம் 60 செ.மீ. சாயம் 5 செ.மீ-யில் நின்றிருந்தால் தாமதக் காரணி, அதாவது தண்ணீரைவிட எத்தனை மடங்கு மெதுவாகப் போகிறது என்பது, 12.

இரண்டாவது, மூன்றாவது குழாய்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் இந்தச் செய்முறையின் உயிர். புளிப்பான, அதாவது பி.எச் குறைந்த மண்ணில் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் நேர்மின்னூட்டத்தோடு இருந்து எதிர்மின்னூட்டப் பொருளை இழுத்து வைக்கும். பி.எச் ஏறினால் அந்த ஈர்ப்பு குறையும். பயிருக்காகப் போட்ட சுண்ணாம்பு, பழைய ரசாயனத்தைத் தளர்த்திவிடவும் கூடும். வேறுபாடு மங்கலாக இருந்தால் பி.எச் போதிய அளவு ஏறியதா என்று முதலில் பாருங்கள்.

நிஜ ரசாயனத்துக்குக் கணக்கு

தாமதக் காரணி = 1 + (மண் அடர்த்தி ÷ துளைப்பங்கு) × ஒட்டும் கெழு. துளைப்பங்கு என்பது மண்ணின் கன அளவில் துளைகளின் பங்கு. ஒட்டும் கெழு என்பது கரிமக் கெழுவை (மண்ணின் கரிமத்தில் அந்த ரசாயனம் எவ்வளவு ஒட்டும் என்ற எண்) மண்ணின் கரிமப் பங்கால் பெருக்கியது. அடர்த்தி 0.9, துளைப்பங்கு 0.66, கரிமம் 4% என்று வைப்போம். பி.எஃப்.ஏ.எஸ் வகைகளில் ஒன்றான, கரிமக் கெழு சுமார் 100 உள்ள பி.எஃப்.ஓ.ஏ-வுக்கு 6.5 வரும். கெழு ஒரு லட்சத்தைத் தாண்டும் டி.டி.டி-க்கு 5,400-க்கு மேல். அப்படியென்றால் டி.டி.டி ஓடைக்கே வராதா? வரும். கரைந்து வருவது சொற்பம், சரிவில் அரிக்கும் மண்ணைப் பற்றிக்கொண்டே பெரும்பாலும் வரும். ஆகவே டி.டி.டி தேடுபவர் கலங்கல் நீரையும் அடிவண்டலையும் எடுக்க வேண்டும், பி.எஃப்.ஏ.எஸ் தேடுபவர் ஊற்றையும் கிணற்றையும் விடக்கூடாது.

ஆய்வகத்துக்கு அனுப்பும்போது

டி.டி.டி, எண்டோசல்ஃபானுக்குப் பழுப்புக் கண்ணாடிப் புட்டி. பி.எஃப்.ஏ.எஸ் கண்ணாடியில் ஒட்டும், அதற்கு எச்.டி.பி.இ அல்லது பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் புட்டி. நீர் ஒட்டாத மழைக்கோட்டு, குழாய் மூட்டில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப் இரண்டும் மாதிரியைக் கெடுக்கும். அமெரிக்கா 2024-ல் குடிநீரில் பி.எஃப்.ஓ.ஏ-வுக்கு விதித்த வரம்பே லிட்டருக்கு 4 நானோகிராம்தான், அந்த அளவில் கைபட்ட அழுக்கும் கணக்கில் வரும். எடுக்கும் இடத்திலேயே ஆய்வகம் தந்த தூய நீரை ஒரு புட்டியில் ஊற்றி மூடி, மற்றவற்றோடு பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். அந்தப் புட்டியிலும் ரசாயனம் தெரிந்தால், மற்ற புட்டிகளின் எண்ணை ஏற்காமல் மறுபடி எடுக்க வேண்டும்.