பழைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் சாகசத்தை ஐந்தாம் பதிப்பில் ஆட

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டின் பழைய பதிப்புகளில் ஆர்மர் கிளாஸ் (அடி படாமல் தப்பும் திறனைக் காட்டும் எண்) குறையக் குறையத்தான் பாதுகாப்பு அதிகம். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு இதைத் தலைகீழாக்கிவிட்டது. பழைய சாகசப் புத்தகம் கையில் இருந்தால் 20-இலிருந்து அந்த எண்ணைக் கழியுங்கள்: 4 என்றால் 16. மைனஸ் 3 என்றால் 23. (பழைய பதிப்புகளில் அடி படுமா என்று பார்க்கும் தாக்கோ கணக்கோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தக் கழித்தல் பழகியதுதான்!)

ஹிட் பாயின்ட்டை (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்ணை) மட்டும் அப்படியே எடுக்காதீர்கள். டிரோல் என்ற அரக்கனுக்கு முதல் பதிப்பில் சராசரி 33. 2014-இன் ஐந்தாம் பதிப்பில் 84. பழைய எண்ணோடு இறக்கினால் இரண்டே சுற்றில் கதை முடிந்துவிடும். அரக்கனின் பெயரை மட்டும் பழைய புத்தகத்தில் பாருங்கள், எண்களைப் புதிய மான்ஸ்டர் மேனுவல் என்ற அரக்கர் தொகுப்புப் புத்தகத்தில் எடுங்கள். எத்தனை டிரோல் என்பதையும் அப்போதே குறைத்துவிடுங்கள்.