காற்றின் திசையை மாற்றினேன், கம்பி அழுத்தத்தை வாங்கியது

ஒரு இரும்பு ஷெட். பக்கச்சுவரில் குறுக்குக் கம்பிகள்: 20 மி.மீ. உருட்டுக்கம்பி, எக்ஸ் வடிவில். 6 மீட்டர் அகலம், 4.5 மீட்டர் உயரம் என்பதால் கம்பியின் நீளம் 7.5 மீட்டர். கட்டமைப்பைக் கணக்கிடும் மென்பொருளான ஸ்டாட்-இல் (STAAD) 'டென்ஷன் ஒன்லி', அதாவது இழுவிசை மட்டும் வாங்கும் கம்பி, என்று சரியாகத்தான் கொடுத்திருந்தேன். ஆனாலும் 0.9 மடங்கு நிலைச்சுமை (சொந்த எடை), −1.5 மடங்கு காற்று (மைனஸ் என்றால் எதிர்த்திசை) சேர்ந்த காம்பினேஷனில் ஒரு கம்பி 63 கி.நி. (கிலோநியூட்டன்) அழுத்தம் காட்டியது. அந்த நீளத்தில் அந்தக் கம்பி அரை கி.நி. கூடத் தாங்காது, வளைந்துவிடும்.

ஒரு நாள் முழுக்க மாடலைத்தான் சந்தேகப்பட்டேன். தப்பு காம்பினேஷனில் இருந்தது. லோட் காம்பினேஷன் என்பது கிடைத்த விடைகளைப் பெருக்கிக் கூட்டுகிறது, அவ்வளவுதான். கட்டமைப்பை மறுபடி தீர்ப்பதில்லை. இடமிருந்து அடித்த காற்றில் அந்தக் கம்பிக்கு 42 இழுவிசை. அதை −1.5-ஆல் பெருக்கினால் −63. எதிர்க்காற்றில் இந்தக் கம்பி தளர்ந்து மற்றது இழுபடும் என்பது கூட்டலுக்கு எப்படித் தெரியும்?

சரி, வலப்பக்கக் காற்றைத் தனிச் சுமையாக எழுதினேன். அப்புறம் காம்பினேஷன்கள் எல்லாவற்றையும் ரிப்பீட் லோட் ஆக்கினேன். அதில் சுமைகள் முதலில் சேரும், பிறகே அனாலிசிஸ் நடக்கும். பி-டெல்டா (கட்டமைப்பு சாய்வதால் கூடும் விளைவு) பார்ப்பவர்களுக்கும் இதே வழிதான்.

கையாலும் சரிபார்த்தேன். காற்றால் வரும் கிடைவிசை 1.5 × 33.6 = 50.4. சாய்வுக்காக 0.8-ஆல் வகுத்தால் 63. இப்போது எதிர்க்கம்பியில் ஏறத்தாழ அதே இழுவிசை, இந்தக் கம்பியில் பூஜ்ஜியம்.